பொருநை போன வழி

“நான் குளிச்ச தண்ணி எங்கே போய்ச் சேர்ந்துதுன்னு ஒரு தடவையாவது பார்க்கணும்லா” என்று அம்மா சொன்னது சென்ற மார்கழியில் ஓர் இரவு, சாப்பாடு முடிந்து பாய் விரிக்கும் வேளையில். அம்பாசமுத்திரத்தில் பிறந்து, பத்தொன்பது வயது வரையில் நாள் தவறாமல் தாமிரபரணியில் முழுகி எழுந்து, பிறகு கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமியில் வாழ்க்கைப்பட்டு, அங்கே கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக எண்ணிச் செலவழிக்கக் கற்றுக்கொண்டு, கடைசியில் எங்களோடு சென்னைக்கு வந்து குழாய்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் காலம் கழிக்கிற அவளுக்கு, எழுபத்தாறாவது வயதில் இப்படி ஓர் ஆசை பிறந்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. தன் ஊர்ப் படித்துறையைத் தாண்டி அந்த ஆறு என்ன ஆகிறது என்பதை அவள் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை என்பதுதான் எனக்கு அன்று புதிதாகத் தெரிந்தது.

தை பிறந்ததும் புறப்பட்டோம். அம்மா, என் மனைவி, மகள், மகன், நான் என்று ஐந்து பேர். காவிரியைப் போலவோ கோதாவரியைப் போலவோ ராஜ்ஜியங்களைத் தாண்டி வருகிற பெரிய நதியல்ல இது. பொதிகை மலையிலே பிறந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி என்ற இரண்டே ஜில்லாக்களில் ஏறக்குறைய 128 கிலோமீட்டர் நடந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலந்துவிடுகிறது. பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே அமைந்துவிட்ட ஆறு. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மாறி மாறிப் பொதிகையை நனைப்பதால் அதற்கு ஜீவநதி என்ற பெயர் நிலைத்தது. பழந்தமிழர் பொருநை என்றார்கள். ஒரு குடும்பம் இரண்டு பகல் பொழுதுக்குள் மலையிலிருந்து கடல் வரையில் கூடவே போய்ப் பார்த்துவிடக்கூடிய நதி என்பதை நினைக்கையில், இத்தனை வருஷம் அம்மாவை அழைத்துப் போகாமல் இருந்ததற்காக எனக்கு மனம் உறுத்தியது.

பாபநாசத்துக்கு மேலே, காட்டுக்குள் ஏறிய சிறிது தூரத்தில், அகஸ்தியர் அருவி விழுகிறது. குற்றாலத்து அருவிகளின் ஆரவாரம் இதற்குக் கிடையாது; வருஷம் முழுவதும் விழவேண்டும் என்ற பொறுப்பை உணர்ந்ததுபோல ஒரே சீராக விழுகிறது. அருவிக்கு மேலே படியேறிப் போனால் கல்யாண தீர்த்தம். கைலாயத்தில் சிவனுக்கும் பார்வதிக்கும் திருமணம் நடந்தபோது தேவர் கூட்டத்தின் பாரத்தால் வடதிசை தாழ்ந்துபோக, உலகத்தைச் சமன் செய்வதற்காகத் தெற்கே அனுப்பப்பட்ட அகத்தியருக்கு, அவர் காண முடியாமற்போன அந்த மணக்கோலத்தை இறைவன் இங்கே காட்டியருளினான் என்பது ஸ்தல புராணம். கல்யாணத்துக்குப் போகமுடியாமல் வேலையின் நிமித்தம் தூரதேசத்தில் தங்கிவிட்டவருக்கு, அந்தக் கல்யாணமே தேடிக்கொண்டு வந்தது என்கிற இந்தக் கதையைக் கட்டியவர்களின் மனம் எவ்வளவு இளகிய மனம் என்று அந்தப் பாறையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தத் தடாகத்தின் கரிய நீரைப் பார்க்கும்போது புராணத்தைக் காட்டிலும் வேறொரு நினைவே என்னை அதிகமாகப் பற்றியது. 1925ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், வ. வே. சு. ஐயர் தம் குருகுலத்துப் பிள்ளைகளோடு இங்கே வந்திருந்தபோது, அவருடைய மகள் சுபத்திரை நீரில் அகப்பட்டுக்கொள்ள, அவளை மீட்பதற்காகக் குதித்த தகப்பனாரும் மீளவில்லை. லண்டனில் சட்டம் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகத் திரும்பி, புதுச்சேரியில் பாரதியோடும் அரவிந்தரோடும் வாழ்ந்து, திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து, தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடிகளில் ஒருவராக நின்ற ஒரு மனிதர், கடைசிக் கணத்தில் தம் பெண் குழந்தையின் தகப்பனார் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் இருக்கவில்லை. என் மகள் வழுக்குப் பாறையின் ஓரத்துக்கு நகர்ந்தபோது நான் போட்ட சத்தம் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அம்மா வீட்டிலிருந்தே ஒரு பித்தளைக் கூஜா கொண்டு வந்திருந்தாள். திருகுமூடியும் வளைந்த கைப்பிடியுமாக, அவளுடைய சீரோடு வந்த பாத்திரம்; மூடியின் உட்புறத்தில் ஈயம் பூசின அடையாளம் இன்னும் மங்கலாக இருக்கிறது. அதை அருவி விழுந்து ஓடுகிற ஓட்டத்தில் மூன்று தடவை அலசி, நாலாவது தடவை நிரப்பி மூடினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கீழே பாபநாசநாதர் கோயில் படித்துறையில் நிரப்பியிருக்கலாமே என்று மகன் கேட்டதற்கு, “அங்கே துணி கிடக்கும் ராசா” என்றாள். அவள் சொன்னது உண்மைதான் என்று அங்கே இறங்கியவுடன் தெரிந்தது. பாவம் தொலைய முழுகுகிறவர்கள், உடுத்தியிருந்த துணியை ஆற்றிலே விட்டுவிடவேண்டும் என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்ததை நம்பிக்கொண்டு, வேஷ்டியையும் சேலையையும் தண்ணீரில் விட்டுப் போகிறார்கள். அவை பாறைகளில் சுற்றி, மீன்களின் வழியை அடைத்து, மட்கிப் போகாத நூலாகக் கிடக்கின்றன. தன் காலத்தில் இந்த வழக்கம் இவ்வளவு இல்லை என்கிறாள் அம்மா. தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்குகிற ஜனங்கள்தான் இதையும் செய்கிறார்கள் என்பது என் மனத்தை மிகவும் வருத்தியது.

பாபநாசத்தை விட்டு இறங்கினால் அப்புறம் வயல்தான். பிசானத்து நெல் பொதி கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. இந்த ஆற்றுப் பாசனத்தில் நெல்லுக்குக் கார், பிசானம் என்று இரண்டு போகம். ஆனி ஆடியில் வைப்பது கார், ஐப்பசி கார்த்திகையில் வைப்பது பிசானம். ஆற்றின் குறுக்கே மேலிருந்து கீழாக எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியிலுள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அவர்களுக்கு முந்தியவை. எட்டு இடங்களில் நின்று நின்று தன்னைப் பங்கு வைத்துக்கொண்டே போகிற ஆறு என்று இதைச் சொல்லலாம். நதியுண்ணி என்று ஓர் அணைக்கட்டுக்குப் பெயர் வைத்தார்களே, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நதியை உண்பது! குடிப்பதாகச் சொல்லாமல் உண்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நெல்லாக மாறித் தட்டுக்கு வருகிற தண்ணீரை வேறு எப்படிச் சொல்வது?

கன்னடியன் கால்வாயைப் பற்றி இப்பக்கத்து ஜனங்கள் வழிவழியாகச் சொல்லி வருகிற கதையை, கார் அந்தக் கால்வாயின் கரையோடு போகும்போது அம்மா பிள்ளைகளுக்குச் சொன்னாள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு மனிதருக்குப் பெரும் செல்வம் கிடைக்க, அதைத் தர்மத்தில் செலவழிக்க நினைத்து அகத்தியரை வேண்டினாராம்; ஒரு பசு வழி காட்டும் என்று உத்தரவாயிற்று. பசு நடந்த வழியெல்லாம் கால்வாய் வெட்டினார். அது படுத்த இடத்திலெல்லாம் குளம் தோண்டினார். கதை உண்மையா என்று என் மகன் கேட்டான். நான் கால்வாயைக் காட்டினேன். மேட்டைக் கண்ட இடத்தில் வளைந்து, தாழ்வைக் கண்ட இடத்தில் தயங்கி, ஒரு பசு மேய்ந்துகொண்டே போவதைப்போலத்தான் அது போகிறது. நில மட்டத்தை அறிந்த ஒரு பெரிய கைவினைஞனின் கணக்கைக் கிராமத்தார் பசுவின் நடையாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கணக்கு எழுதின ஓலை இருந்திருந்தால் இவ்வளவு காலம் தங்கியிருக்குமோ என்னவோ.

அம்பாசமுத்திரத்தில் அம்மா பிறந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் எழும்பியிருக்கும் மாடி வீட்டைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் பேசாமல் ஆற்றுக்கு நடந்தாள். படித்துறையில் மூன்றாவது படிக்குக் கீழே வலக்கைப் பக்கம் ஒரு கல் நடுவில் குழிந்திருக்கும், அதில் மஞ்சள் உரைத்து உரைத்துத்தான் அந்தக் குழி விழுந்தது என்று எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கல் இருந்தது. கையால் பாசியைத் துடைத்துவிட்டு, உள்ளங்கையை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தாள். பள்ளம் அவளுடைய கைக்குச் சரியாக இருந்தது. என் மகளின் கைக்குப் பெரிதாக இருந்தது. எத்தனை தலைமுறைப் பெண்களின் மஞ்சள் என்று யார் கணக்குச் சொல்வது? சற்றுத் தள்ளி இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். “எந்த ஊரு ஆச்சி?” என்று ஒருத்தி கேட்டாள். “இந்த ஊருதான் தாயீ” என்றாள் அம்மா. கேட்டவள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சோப்புக் கட்டியை எடுத்துக்கொண்டு சிறிது நகர்ந்து, அம்மாவுக்கு இறங்க வழி விட்டாள்.

எதிர்க்கரைதான் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன ஊர். உளுந்து மாவின் மணமும் பிரண்டையின் காரமும் அதன் தெருக்களில் இன்னும் உண்டு. ஆனால் நான் அங்கே காணவேண்டும் என்று நினைத்தது குலசேகரமுடையார் கோயிலை. 1982இல் அந்தக் கோயிலிலிருந்து களவு போன நடராஜர், கடல் கடந்து ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் பல வருஷம் நின்றிருந்து, 2019இல் நம் நாட்டுக்குத் திரும்பி வந்தார். அவர் வந்து சேர்ந்த நாளில் ஊரார் மேளதாளத்தோடு எதிர்கொண்டு அழைத்தார்கள். முப்பத்தேழு வருஷம், அவர் போனபோது பிறந்த குழந்தைக்கு அவர் வந்தபோது குழந்தைகள் இருந்திருக்கும். அருங்காட்சியகத்தில் அவர் ஒரு சிற்பம். இங்கே அவர் ஊர்க்காரர். களவு கொடுத்த பொருளைத் திரும்பப் பெறுவதற்கும், வழி தவறிப்போன குடும்பத்தார் ஒருவர் வீடு திரும்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஊர் ஜனங்கள் யாரும் சொல்லித் தராமலே அறிந்திருந்தார்கள்.

வீரவநல்லூரிலிருந்து பிரிந்து திருப்புடைமருதூருக்குப் போனோம். கடனா நதி தாமிரபரணியோடு கலக்கிற அந்தச் சங்கமத்தில், நாறும்பூநாதர் கோயிலின் கோபுரம் வெளியே பார்த்தால் மற்றக் கோபுரங்களைப் போலத்தான் தெரியும். உள்ளே குறுகிய படிகளில் ஏறினால்தான் அதன் செல்வம் புலப்படும். ஐந்து நிலைகளிலும் மரத் தூண்கள், மர உத்தரங்கள், அவற்றில் மெழுகில் செய்தாற்போல் இழைத்த உருவங்கள். சுவர் முழுதும் நாயக்கர் காலத்து வர்ணச் சித்திரங்கள். ராமாயணமும் திருவிளையாடலும் போர்க்களங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஒரு சித்திரத்தின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன்: பாய்மரக் கப்பல் ஒன்று, அதில் குதிரைகள், நீண்ட அங்கி தரித்த அரபு வர்த்தகர்கள். கடலிலிருந்து இத்தனை தூரம் உள்ளே, நெல் வயல்களின் நடுவே, ஒரு கோபுரத்தின் இருட்டறையில் கப்பல்! எழுதிய சித்திரக்காரன் ஆற்றோடு கீழே போய்க் கடலைக் கண்டவனாக இருக்கவேண்டும். குதிரைகளின் கண்களில் கப்பல் பிரயாணத்தின் மிரட்சியைக்கூட எழுதியிருக்கிறான். சாளரத்தின் வழியே விழுந்த வெளிச்சத்தில் செங்காவி வர்ணம் நேற்றுப் பூசினது போல இருந்தது.

வெளியே மருதமரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டியிருந்தன. ஊருக்குள்ளேயே, வீடுகளுக்கு மேலேயே பறவைகள் குஞ்சு பொரிக்கிற இடம் இது. 2005இல் அரசாங்கம் இதைப் பறவைகள் காப்பகமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கிராமத்தார் காத்து வருகிறார்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு ஒன்றை ஒரு சிறுவன் துண்டில் ஏந்திக்கொண்டு போவதைப் பார்த்தோம்.

சேரன்மகாதேவியில் வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலத்தைப் பற்றி நினைக்காமல் கடக்க முடியவில்லை. தேசத்துக்காக வீடு வாசலை விட்டவர் நடத்திய பள்ளியிலேயே பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனிப்பந்தி நடந்தது என்ற செய்தி வெளிவந்து, பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து நின்று, தமிழ்நாட்டு அரசியலையே அந்தச் சோற்றுப் பந்தி இரண்டாகப் பிரித்தது. ஐயரை நான் மிகவும் மதிக்கிறவன். ஆனால் ஒரே ஆற்றுத் தண்ணீரில் வடித்த சோற்றைப் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகப் பரிமாறியது பிழை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது.

பத்தமடைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் விளைகிற கோரையைக் கொண்டு, இவ்வூர் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் நெய்கிற பாய் உலகப் பிரசித்தம். பட்டுப்பாய் என்று பெயர். பட்டு நூல் ஒரு இழையும் கிடையாது, தொட்டால் அப்படி இருக்கும், அவ்வளவுதான். ஒரு வீட்டில் எங்களை உள்ளே அழைத்து உட்கார வைத்தார்கள். பச்சைக் கோரையை அறுத்து, கிழித்து, பனியிலும் வெயிலிலும் உலர்த்தி, பிறகு ஓடுகிற தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, அது உப்பிய பின் எடுத்து, மறுபடியும் மெல்லிசாகக் கிழிக்கவேண்டும். தரையோடு தரையாகக் கட்டின தறியில் பருத்தி நூல் பாவு. அதில் ஒவ்வொரு கோரையாக நுழைத்து அடித்து நெய்ய வேண்டும். தேங்கின தண்ணீரில் ஊறப்போடக்கூடாதா என்று என் மனைவி கேட்டாள். தறியில் இருந்த அம்மாள் தலை நிமிராமலே, “நின்ன தண்ணியில போட்டா கறுத்துப் போயிரும்மா. ஓடுற தண்ணிக்குத்தான் இந்த நெறம் வரும்” என்றார்கள். ஒரு கோரையை எடுத்து என் மகளின் உள்ளங்கையில் வைத்தார்கள். தலைமயிரைவிடச் சற்றே கனம். வெளிறிய தந்த நிறம். நுனியை இரண்டாக வகிர்ந்து காட்டியபோது கத்தி அசைந்ததே தெரியவில்லை. கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரை நெய்து கொடுப்பது இங்கே சம்பிரதாயம். தறியில் அன்று ஒரு பெயர் பாதி நெய்திருந்தது. மாப்பிள்ளையின் பெயர் இன்னும் பாவுக்கு வரவில்லை.

திருநெல்வேலியைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் ‘பொருநைத் துறையிலே’ எழுதிய பிறகு நெல்லையப்பர் சன்னிதியைப் பற்றி நான் சொல்ல என்ன மீதி? குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே அமர்ந்திருக்கிற முருகன் கோயிலை மட்டும் சொல்கிறேன். வெள்ளம் வந்தால் கோயில் முழுகும். அதற்கு முன்னால் உற்சவ மூர்த்தியைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி அழைத்து வருவார்கள். வெள்ளத்தோடு வழக்காடாத கோயில் அது. அதற்குக் கீழே, நெல்லையையும் பாளையங்கோட்டையையும் சேர்க்கிற சுலோசன முதலியார் பாலம், 1843இல் அந்தப் பெயருடைய கனவான் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டுவித்தது. பாலத்தின்மேல் நின்று பார்க்கையில் நகரத்துச் சாக்கடைகள் ஆற்றில் வந்து விழுவதும் கண்ணில் பட்டது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலே அவ்வளவு தெளிந்து வந்த நீர் இந்த ஒரே நகரத்தைத் தாண்டுவதற்குள் கலங்கிப்போகிறதே என்ற துக்கத்தில் அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை திருச்செந்தூர் சாலையில் ஆதிச்சநல்லூர். ஆற்றின் தென்கரையில் நெல்லுக்குப் பயன்படாத சரளை மேடு. அதனால்தான் மூத்தோர் அதை இறந்தவர்களுக்கு ஒதுக்கினார்கள் போலும். நூற்றுப்பதினாலு ஏக்கர் பரப்பில் மண்ணுக்குள் முதுமக்கள் தாழிகள். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ முறையாகத் தோண்டினார். பொன் நெற்றிப்பட்டங்களும் இரும்பு ஆயுதங்களும் வெண்கலத்தில் வார்த்த எருமையும் நாயும் கிடைத்தன. 2004இல் மீண்டும் அகழ்ந்தார்கள். இப்போது அகழ்ந்த குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள். கண்ணாடியின்மேல் நடக்க அம்மா மறுத்துவிட்டாள். காலுக்குக் கீழே பெரியவர்கள் இருக்கிறார்களே என்றாள். ஓரமாக நின்றே பார்த்தாள். ஆற்றுக்கு வடக்கே சிவகளையில் கிடைத்த ஒரு தாழியில் இருந்த நெல்லுமியின் வயது கி. மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள் என்று நான் சொன்னதும், “போறவங்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்திருக்காங்க” என்றாள். ஏறக்குறைய மூவாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்திய நெல்லும் இந்த ஆற்றுத் தண்ணீரில் விளைந்த நெல்தான்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு எட்டில் கடைசி. வடகாலும் தென்காலும் பிரிந்துபோன பின் மிஞ்சுவதுதான் கடலுக்கு. மிஞ்சின தண்ணீர் வீணாகக் கடலில் கலப்பதாக ஊரில் பலரும் சொல்லுவதுண்டு. அந்த அபிப்பிராயத்தை நான் ஏற்கமாட்டேன். ஆறு கடலுக்குப் போகாவிட்டால் கடல் ஆற்றுக்குள் வரும். கீழே ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலில் ஒரு பெரியவர் அதைத்தான் எங்களிடம் வேறு சொற்களில் சொன்னார்: “மேலேயிருந்து தண்ணி வர்ற வருஷம் வெத்தலையில காரம் நல்லாருக்கும் தம்பி, வராத வருஷம் கெணறு கடுத்துப் போகும்.”

ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் பதினாறு வருஷம் மௌனமாக வீற்றிருந்தார் என்று சொல்லுகிற உறங்காப்புளியை வலம் வந்துவிட்டு ஏரலுக்கு வந்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்ட, இந்த ஆறு இரு கரையையும் மறந்து பெருகியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் எண்ணூறு பிரயாணிகளோடு ஒரு ரயில் வெள்ளத்தின் நடுவே நின்றுபோயிற்று. ஏரல் கடைத்தெரு முழுகியது. மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறார். என் தலைக்கு மேலே ஒரு முழம். “அழிக்கலையா அண்ணாச்சி?” என்றேன். “இருக்கட்டும். ஆறு எது வரைக்கும் வரும்னு பிள்ளைகளுக்குத் தெரியணும்லா” என்றார். சரக்கெல்லாம் போய்விட்ட கடை அது. அவர் பேச்சில் ஆற்றின்மேல் கோபத்தைக் காணோம்.

கொற்கைக்கு இப்போது கடல் இல்லை. பாண்டியரின் துறைமுகம், முத்தின் தலைநகரம், கிரேக்க மாலுமி எழுதி வைத்த ‘பெரிப்ளூஸ்’ என்ற நூலில் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்த இடமாகக் குறிக்கப்பட்ட ஊர், இன்று வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறிய கிராமம். ஆறு கொண்டுவந்து கொட்டின வண்டல் கடலைப் பல கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. காளிதாசன் ரகுவம்சத்தில் தாமிரபரணி கடலில் கலக்குமிடத்து முத்துக்களைப் பாடியபோது மனத்தில் வைத்திருந்தது இந்தக் கரையைத்தான். ஊரின் பழைய வன்னி மரத்தடியில் நின்று, மூச்சடக்கி அந்த ஆழத்துக்கு இறங்கிய கைதிகளை நினைத்தேன். அவர்கள் எடுத்த முத்துக்களைச் சொல்லாத புலவர் இல்லை. அவர்களில் ஒருவன் பெயரும் தங்கவில்லை.

புன்னைக்காயலில் சாலை முடிந்துபோகிறது. பரதவர்கள் வாழ்கிற ஊர். ஓங்கி நிற்பது மாதா கோயில். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற முதல் தமிழெழுத்துப் புத்தகத்தை மொழிபெயர்த்துத் தந்த ஹென்றீக்கஸ் பாதிரியார் இந்தக் கரையில் பல்லாண்டு வாழ்ந்து, பரதவர்களிடம் தமிழ் கற்றார். அலையாத்தி மரங்களுக்கு இடையே ஆறு அகன்று, வேகமிழந்து, நிறம் மாறி, எந்த இடத்தில் ஆறு முடிந்தது எந்த இடத்தில் கடல் தொடங்கிற்று என்று சொல்ல முடியாதபடி பரந்து கிடந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் நின்றாள். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை, முந்தானையைப் பிடித்தபடி ஐந்து வயதுப் பெண். எந்த ஊர் என்று விசாரித்தாள். அம்பாசமுத்திரம் என்றதும், வெள்ளத்தன்று மேலேயிருந்து கதவும் குடமும் தென்னைமரமும் மிதந்து வந்ததைச் சொன்னாள். கடல் பல நாள் செம்மண் நிறமாக இருந்ததாம். “குடிக்கத் தண்ணிக்கு என்ன செய்றிய?” என்று அம்மா கேட்டாள்.

“கெணத்துத் தண்ணி உப்பு ஆச்சி. குழாயில வர்ற அன்னைக்குப் பிடிச்சு வச்சுக்கிடுவோம்.”

அம்மா காருக்குப் போய்க் கூஜாவை எடுத்து வந்தாள். அதை அலைவாயில் ஊற்றுவதற்குத்தான் கொண்டு வந்தாள் என்று நான் நினைத்திருந்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். தண்ணீரை நோக்கி இரண்டடி வைத்தவள் நின்றாள். திரும்பி வந்து, மணலில் குந்தி, மூடியைத் திருகி, அந்த மூடியிலேயே தண்ணீரைச் சாய்த்துச் சிறுமியிடம் நீட்டினாள். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் தலையசைத்ததும் வாங்கி அண்ணாந்து குடித்தாள். கழுத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மூடியை மறுபடி நீட்டினாள். அம்மா மறுபடியும் ஊற்றினாள்.